விட்டுப்போன இருநூறு தப்படி

"கல்லு," என்றார் கோமதிநாயகம்.

முழங்காலில் சுற்றிக்கொண்டிருந்த துணிப்பட்டை பாதியில் நின்றது.

"எந்தக் கல்லு?" என்றான் மைதீன். ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து, கால் விரலிடுக்கில் ஒட்டியிருந்த அட்டைமேல் உப்புத்துணியை அழுத்திக்கொண்டிருந்தான்.

"என் கல்லு. நேத்து சாயங்காலம் வச்சது. இன்னைக்குக் காலைல நான் அதைத் தொடல."

அட்டை சுருண்டு விழுந்தது.

"தொடலைன்னா?"

"தொடலைன்னா தொடலை."

கோமதிநாயகத்தின் முகம் வெளுத்திருந்தது. மைதீன் உப்புத்துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

மலைத்தொடரின் தென்முனையிலிருந்து கிளம்பி அன்று முப்பத்தொன்றாம் நாள். வடமுனைக்கு இன்னும் பதின்மூன்று நாள் நடை இருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை சலோமி டீச்சர் இந்த முழு நீளத்தையும் நடப்பார். கூட இரண்டு பேருக்குமேல் சேர்த்துக்கொள்ளமாட்டார். முன்பு பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தவர். வயது முப்பத்தெட்டு. இந்தமுறை கூட வந்தவர்கள், லாரி ஓட்டிக்கொண்டிருந்த மைதீனும், ரயில்வேயில் தண்டவாளம் சரிபார்க்கும் கீமேனாக இருந்து ஓய்வு பெற்ற கோமதிநாயகமும். கோமதிநாயகத்துக்கு அறுபத்துமூன்று.

எல்லா நாளும் ஒன்றுபோலத்தான். காய்ந்திராத காலுறையைப் பிழிந்து மறுபடி மாட்டிக்கொள்வது. அவலில் வெந்நீர் ஊற்றித் தின்பது. கூடாரத்தை உதறி மடிப்பது. நடப்பது. மத்தியானம் தண்ணீர் கண்ட இடத்தில் அட்டை பிடுங்குவது. மறுபடி நடப்பது. சாயங்காலம் கூடாரம், ரசம், கால் கொப்புளம். மலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் பேச்சு.

கோமதிநாயகத்துக்கு மட்டும் ஒரு வேலை கூடுதல்.

சாயங்காலம் பாதையை விட்டு இறங்குகிற இடத்தில், பாதை நடுவே முஷ்டி அளவில் ஒரு கல்லை வைப்பார். காலையில் அதே இடத்துக்குப் போய் இடது குதிகாலால் அதைத் தொடுவார். அங்கேயே உட்கார்ந்து முழங்காலுக்குக் கட்டுப் போடுவார். கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் நடப்பார்.

"தென்முனைலேருந்து நான் விட்ட தரைன்னு ஒண்ணு கிடையாது," என்று ஒருநாள் சொல்லியிருந்தார். அதற்குமேல் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நல்ல மழை. கைவிடப்பட்ட எஸ்டேட் ஒன்றில், தேயிலை எடை போடும் பழைய கொட்டகைக்கு இறங்கினார்கள். மழையிலேயே கல்லை வைத்துவிட்டுத்தான் அவர் இறங்கினார். காலையில் பனி மூட்டம். கொட்டகைக்கு உள்ளேயே கட்டுப் போட்டுக்கொண்டார். டீச்சர் கொட்டகையின் பின்பக்கமாக மேலே கூட்டிப்போனார். கொஞ்சதூரம் தள்ளி ஒரு பாறைத் திருப்பத்தில் பாதை வந்து சேர்ந்துகொண்டது.

இப்போது கட்டு நழுவி, அவிழ்த்துக் கட்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

"எவ்வளவு இருக்கும் அண்ணாச்சி?" டீச்சர் கேட்டார். துணியில் வடிகட்டிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகம் கண்ணை மூடினார்.

"கல்லுலேருந்து அந்தப் பாறை வரைக்கும் இருநூறு தப்படி. கூடினா இருநூத்திப் பத்து."

"இருநூறு தப்படிக்கா மூஞ்சி இப்படிப் போச்சு?" என்றான் மைதீன். "நான் ரிவர்ஸ்லயே அதைவிட அதிகம் ஓட்டியிருக்கேன்."

"நான் திரும்பிப் போறேன்."



நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அவர்கள் வடக்கே இருந்த வனச்சாவடியைத் தாண்டியாக வேண்டும். அதற்குப் பிறகு மழை ஓயும்வரை அந்தக் காட்டை மூடிவிடுவார்கள். அனுமதிச்சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. சாவடி இங்கிருந்து ஏழு மணி நேரம். கொட்டகை, வந்த வழியே நான்கு மணி நேரம். திரும்பிப் போனால் இன்றைய பொழுது அங்கேயே முடிந்துவிடும். சாவடி போய்விடும். சாவடி போனால் நடையும் போயிற்று.

"நீங்க ரெண்டு பேரும் வரவேண்டாம்," என்றார் கோமதிநாயகம். "நான் மட்டும் போறேன்."

"புல்மேட்டுல யானை குட்டியோட நிக்குது, அண்ணாச்சி. காலைல நாம மூச்சுக்கூட விடல. தனியா போவீரா?" என்றான் மைதீன்.

யானைக் காட்டில் யாரும் தனியாக நடக்கக்கூடாது. டீச்சர் போட்ட ஒரே சட்டம் அதுதான்.

மைதீன் குரலைத் தாழ்த்தினான்.

"நான் சொல்லுதேன், கேளும். ஊருக்குப் போய் முழுசும் நடந்தேன்னு சொல்லும். யாரு பார்த்தா? நான் சாட்சி. எங்க மாமியா மேல சத்தியம் பண்ணுதேன்."

"எனக்குத் தெரியுமேவே."

டீச்சர் பாட்டிலை மூடினார்.

"திரும்பிப் போய் அதை நடந்துட்டா சரியாயிருமா, அண்ணாச்சி?"

"சரியாயிரும்."

"சரி. வாங்க, போவோம்."

பாட்டிலைப் பையின் ஓரத்தில் செருகி, வாரை இழுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

மைதீன் எழுந்து நின்றுவிட்டான்.

"டீச்சர்!"

"நீங்களும் பையைக் கட்டுங்க, மைதீன் அண்ணே. உங்களையும் தனியா விட முடியாதுல்லா."

"முப்பத்தோரு நாளு டீச்சர். ரெண்டு நகம் போச்சு. கால்சட்டை இடுப்புல நிக்கல, கயிறு போட்டுக் கட்டியிருக்கேன். முழு மலையையும் நடந்தே பாக்கப் போறேன்னு வீட்ல சொன்னப்ப எங்க மாமியா சிரிச்சா. கடைக்குப் போவவே வண்டி எடுப்பீரேன்னா. அந்தச் சிரிப்புக்காகவாவது நான் முடிக்கணும்."

"என்கிட்ட ஏன் சொல்லுதீங்க? அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க."

மைதீன் திரும்பினான். திட்டத்தான் வாயைத் திறந்தான். கோமதிநாயகம் துணிப்பட்டையைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். ஒரு சுற்றும் சரியாக அமையவில்லை.

"ஏன் அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டான்.

கோமதிநாயகம் பட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முப்பத்திமூணு வருஷம் கீமேன். தினம் காலைல ஆறு கிலோமீட்டர். தோள்ல சுத்தியல். தண்டவாளத்தைக் கட்டையோட பிடிச்சிருக்கிற இரும்புச் சாவி ஒவ்வொண்ணையும் பாக்கணும். ஆடுச்சுன்னா ஒரு அடி. ஒண்ணு விடக்கூடாது."

"விட்டிருக்கமாட்டீரே."

"ஒருநாள் விட்டேன்."

கோமதிநாயகம் பட்டையை இன்னொரு சுற்று இழுத்துச் சுற்றினார்.

"வீட்டுக்காரிக்கு வலி எடுத்திருச்சுன்னு ஆள் வந்து சொல்லிச்சு. கடைசி அரைக் கிலோமீட்டர் பாக்கி. எல்லாம் பாத்தாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டு ஓடிட்டேன்."

"பிள்ளை?" என்றார் டீச்சர்.

"பொம்பளப் பிள்ளை. நல்லாயிருக்கா."

"ரயில்?"

"பதினாலு வண்டி போச்சு. எல்லாம் பத்திரமாத்தான் போச்சு."

"மறுநாள்?"

"வெளிச்சம் வந்ததும் முதல் வேலையா அந்த அரைக் கிலோமீட்டரைத்தான் போய்ப் பார்த்தேன். ஒரு சாவி கழண்டு ஜல்லியில கிடந்துச்சு."

மைதீன் மறுபடி உட்கார்ந்தான்.

"ஒரு சாவிக்கு வண்டி கவுந்திருமா?"

"கவுறாது."

"பின்ன என்ன?"

"கவுறாதுன்னு தெரிஞ்சு நான் ஓடலைவே."



"அந்தச் சாவியை என்ன செஞ்சீங்க?" டீச்சர் கேட்டார்.

"எடுத்து வச்சு அடிச்சேன்."

"இறுகுச்சா?"

"இறுகுச்சு."

டீச்சர் தலையாட்டினார். பையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டார்.

"நீங்க முன்னால போங்க, அண்ணாச்சி. உங்க கல்லு எங்கே கிடக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

கோமதிநாயகம் கட்டை ஒருவழியாகச் சுற்றி முடித்தார். பையை மாட்டினார். மைதீனின் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

ஓடைக்கும் வந்த பாதைக்கும் நடுவே, ராத்திரி மழை கொண்டுவந்து போட்ட வண்டல் பாய் விரித்ததுபோல் கிடந்தது. வரும்போது ஓரத்துப் பாறைமேல் கால் வைத்து வந்திருந்தார்கள். இப்போது அவர் பாறையைத் தேடவில்லை. நேராக வண்டலில் இறங்கி அக்கரைக்கு நடந்தார்.

"அண்ணாச்சி."

நின்றார்.

"ஒரு தடவை திரும்பிப் பாருங்க," என்றார் டீச்சர்.

திரும்பினார்.

வழவழவென்ற வண்டலில் அவர் கால்தடம் வரிசையாக விழுந்திருந்தது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் ஒரே தூரம். நூல் பிடித்ததுபோல் ஒரே கோடு. ஸ்லீப்பர் கட்டைக்குக் கட்டை முப்பத்துமூன்று வருஷம் வைத்த கால். ஏற்றத்திலும் அதே தப்படிதான் வைப்பார், இறக்கத்திலும் அதேதான். எட்டிக் கால் வைக்கவேண்டாம், முழங்கால் போய்விடும் என்று இரண்டாம் நாளிலிருந்து டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீச்சர் வண்டலின் இக்கரை ஓரத்துக்கு வந்தார்.

"இதை நடந்துட்டீங்களா?"

"நடந்துட்டேன்."

"முழுசா?"

"முழுசாத்தான்."

டீச்சர் குனிந்தார். முதல் தடத்துக்கும் இரண்டாவது தடத்துக்கும் நடுவே உள்ளங்கையை விரித்து அழுத்தினார். ஐந்து விரலும் பதிந்தன.

"இது?"

கோமதிநாயகம் பார்த்தார்.

டீச்சர் ஒரு அடி முன்னால் வைத்தார். இரண்டாவது தடத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கையை அழுத்தினார்.

"இது?"

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே அழுத்தினார். அதற்குக் கேட்கவில்லை.

மைதீன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அல்லாவே! அண்ணாச்சி தென்முனைலேருந்து பாதி மலையை விட்டுட்டு வந்திருக்காரு, டீச்சர்!"

"அது வேற," என்றார் கோமதிநாயகம்.

"வேறதான்," என்றார் டீச்சர்.

கையில் ஒட்டிய வண்டலோடு அப்படியே நின்றார். இன்னும் பையைக் கழற்றவில்லை. போகலாம் என்றால் போகத் தயாராக இருந்தார்.

கோமதிநாயகம் தடங்களைப் பார்த்தார். பின்னால் மேலே ஏறிப்போகும் பாதையைப் பார்த்தார். மறுபடி தடங்களைப் பார்த்தார்.

பிறகு மெதுவாக வண்டலில் கால் வைத்தார். தடத்தில் வைக்கவில்லை. இரண்டு தடங்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் வைத்தார். அடுத்த காலை அதற்கடுத்த வெற்றிடத்தில் வைத்தார்.

"என்ன செய்யுதாரு?" மைதீன் கேட்டான்.

"விட்டதை ரொப்புதாரு."

"போதும்னு சொல்லுங்க டீச்சர்! நேரமாவுது!"

"ரொப்பட்டும்."

ஆறு தடம் வந்ததும் நின்று குனிந்து பார்த்தார். தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே இன்னும் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அதில் குதிகாலை வைத்து அழுத்தினார். பக்கத்தில் வண்டல் பிதுங்கியது. இடது பக்கம் பார்த்தார். ஒரு தடமும் இல்லாமல் ஓடைவரை வழவழவென்று கிடந்தது. வலது பக்கமும் அப்படியே கிடந்தது.

திரும்ப முயன்றார். கால் வழுக்கியது.

முதலில் உட்கார்ந்தார். பிறகு முதுகுப்பை அவரைப் பின்னால் இழுத்து மல்லாக்கச் சாய்த்தது. காலும் கையும் வானத்தைப் பார்த்து நின்றன.

ஒரு சத்தம் வந்தது. அடி பட்டுவிட்டது என்று நினைத்து மைதீன் ஓடினான்.

கோமதிநாயகம் சிரித்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தொரு நாளில் அவர் வாய்விட்டுச் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. வயிறு குலுங்கியது. கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போனது. மூச்சு வாங்கி, நிறுத்தி, பக்கத்தில் டீச்சரின் கைத்தடத்தைப் பார்த்து மறுபடி சிரித்தார்.

"எந்திரியும், அண்ணாச்சி."

"முடியலைவே. பையைப் பிடி."

மைதீன் பையைப் பிடித்து இழுத்தான். அவனும் வழுக்கி, முழங்கால் புதைய வண்டலில் மண்டியிட்டான்.

"எங்க மாமியா இதைப் பாக்கணும்," என்றான்.

டீச்சர் ஓடையில் குனிந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக எழுந்து, மூவரும் இக்கரைக்கு வந்தார்கள். கோமதிநாயகம் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் சேறு.

"மணி என்ன?"

"பன்னெண்டு," என்றார் டீச்சர்.

"சாவடிக்கு எவ்வளவு நேரம்?"

"ஏழு மணி நேரம்."

"அப்ப இப்படியே நின்னுக்கிட்டிருந்தா எப்படி? கிளம்புங்க, டீச்சர்."

மைதீன் வாயைத் திறந்தான். டீச்சர் அவனைப் பார்த்தார். மூடிக்கொண்டான்.

வடக்கே நடந்தார்கள்.

மழை வரவில்லை. சோலை முடிந்து வெயில் வந்தது. கோமதிநாயகத்தின் கால்சட்டையில் சேறு காய்ந்து, நடக்க நடக்க உதிர்ந்தது. ஏற்றம் வந்தபோது அவர் தப்படி குட்டையாகிவிட்டிருந்தது. அதை அவரே கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார்.

பின்னால் வந்த மைதீன் பரோட்டாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். சாவடிக்கு அந்தப்பக்கம் ஒரு ஊர் உண்டாம். ஊர் என்றால் கடை உண்டு. கடை என்றால் பரோட்டா உண்டு. சால்னாவை மேலே ஊற்றுவதா, தனியாகக் கேட்டு வாங்குவதா என்று அவனுக்குள்ளேயே ஒரு வாதம் நடந்தது.

"தனியா வாங்கணும்வே," என்றார் கோமதிநாயகம். "மேலே ஊத்துனா நமுத்துப் போவும்."

"நீரு சைவம்லா, அண்ணாச்சி!"

"முப்பத்தோரு நாளு அவல் தின்னவனுக்கு என்னவே சைவம். குருமான்னு கேட்டுக்கிட்டாப் போச்சு."

கொஞ்ச தூரம் போனதும் டீச்சர் திரும்பாமலே கேட்டார்.

"மகளுக்கு என்ன வயசு, அண்ணாச்சி?"

"இருபத்தொன்பது."

"அந்தக் கதை அவளுக்குத் தெரியுமா?"

"சாவி கழண்டு கிடந்ததா? அதை யாருகிட்ட டீச்சர் சொல்ல முடியும்?"

"அதில்ல. அவ பொறந்த அன்னைக்கு நீங்க ஓடிப்போன கதை."

ஒரு திருப்பம் போயிற்று. இன்னொரு திருப்பமும் போயிற்று.

"கட்டைக்குக் கட்டை வச்சு ஓட முடியாது, டீச்சர்," என்றார் கோமதிநாயகம். "கால் சிக்கிக்கும். ரெண்டு ரெண்டாத் தாண்டிக்கிட்டுப் போனேன்."

"விழலையே?"

"விழல. நான் போய்ச் சேரவும் அவ அழவும் சரியா இருந்துச்சு."

அதன் பிறகு அவர் தானாகவே பேசினார். ஆஸ்பத்திரி வாசலில் கையில் சுத்தியலோடு போய் நின்றதை. நர்ஸ் பயந்து கதவைச் சாத்தியதை. ரயிலுக்குக் காட்டும் கொடி இரண்டும் கக்கத்தில் இருந்ததை. சிவப்பா பச்சையா என்று மாமனார் கேட்டதை. மைதீன் இரண்டு தடவை நின்று சிரித்தான்.

நாலரை மணிக்குத் தங்குகிற இடம் வந்தது. பாதைக்குக் கீழே, நாலு கூடாரம் போடுகிற அளவுக்குச் சமதரை. சாவடி இங்கிருந்து இரண்டரை மணி நேரம்தான். விடிந்து கிளம்பினாலும் மதியத்துக்கு முன்பே தாண்டிவிடலாம்.

பாதையை விட்டு இறங்கும் இடத்தில் கோமதிநாயகம் குனிந்தார். கை பழக்கத்தில் ஒரு கல்லை எடுத்தது. பாதை நடுவே வைத்துவிட்டு இறங்கினார்.

காலுறைகளைப் பிழிந்து கிளையில் போட்டார்கள். டீச்சர் ஸ்டவ்வைப் பற்றவைத்தார். மைதீன் கூடாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மூன்று மூலையும் நின்றுவிட்டது. நாலாவது மூலையில் தரை சொதசொதவென்று இருந்தது. முளையை அடித்தால் நின்றது. கயிற்றை இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்தது.

"எனக்குன்னு அமையுது பாரு," என்றான். "காத்து அடிச்சா நான் கூடாரத்தோட பறந்து முதல்ல சாவடிக்குப் போயிருவேன், டீச்சர்."

"ரசம் ஆச்சு. குடிச்சிட்டுச் செய்யுங்க."

மைதீன் தட்டை எடுத்துக்கொண்டு ஸ்டவ் பக்கம் போனான். சால்னாவை மேலே ஊற்றுவதா, தனியாக வாங்குவதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

கோமதிநாயகம் கூடாரத்தின் நாலாவது மூலையில் உட்கார்ந்தார். முளையைத் தொட்டுப் பார்த்தார். ஆடியது.

சுற்றும்முற்றும் பார்த்தார். எழுந்து பாதைக்கு ஏறிப் போனார். கல்லை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

முளையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஒரு அடி அடித்தார். மறுபடி தொட்டுப் பார்த்தார். ஆடவில்லை.

கல்லை முளையின் தலைமேல் வைத்துவிட்டு, ரசத்துக்குப் போனார்.